ஹோலிக்கு ஊருக்குப் போகிறவர்களுக்குப் பதில் தற்காலிக ஆள்: பையர் கேட்கும் திட்டத்தில் என்ன எழுதுவது?

மனிதவளம்_திருப்பூர் · ஜனவரி 27, காலை 10:40

எல்லோருக்கும் வணக்கம். ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் மனிதவளம் பார்க்கிறேன். மொத்தம் 210 பேர். அதில் 90 பேர் ஒடிசா, பீகார், ஜார்கண்ட்.

ஐரோப்பிய பையர் (எங்கள் துணியை வாங்குகிறவர்) ஒருவர் படிவம் அனுப்பியிருக்கிறார். ஆட்களில் 40 சதவீதம் பேர் திடீரென்று வராமல் போனால் உற்பத்தியை எப்படித் தொடர்வீர்கள் என்று ஒரு கேள்வி. முதலாளியிடம் கேட்டேன். "ஏஜென்சியில் தற்காலிக ஆள் எடுப்போம்னு எழுதிட்டு அடுத்த வேலையைப் பாருங்க" என்றார்.

எழுதிவிடலாம்தான். ஆனால் போன தீபாவளி இன்னும் மறக்கவில்லை. அக்டோபர் 20 தீபாவளி, அடுத்த வாரமே பீகார்க்காரர்களின் சத் பூஜை, அப்புறம் நவம்பர் 6, 11 பீகார் தேர்தல். போனவர்கள் மூன்றையும் முடித்துக்கொண்டுதான் வந்தார்கள். ஏஜென்சியில் 25 டெய்லர் கேட்டோம், 14 பேர் வந்தார்கள். அந்த 14 பேரில் ஐந்து பேர் மத்தியானம் சாப்பிடப் போனவர்கள், அப்படியே போய்விட்டார்கள். கடைசியில் ஒரு ஷிப்மெண்டைத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அனுப்ப முடியாமல் விமானத்தில் அனுப்பினோம். செலவு எங்கள் தலையில்.

ஹோலி மார்ச் 4. ஐந்து வாரம் இருக்கிறது. படிவத்துக்காக இல்லை, நிஜமாகவே நடக்கிற மாதிரி ஒரு திட்டம் வேண்டும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

கட்டிங்_மாஸ்டர்_60 · ஜனவரி 27, மதியம் 1:15

தம்பி, 40 சதவீதம் என்பது பையர் போட்ட கணக்கு. உங்கள் கணக்கு வேறு. எந்த 40 என்பதுதான் விஷயம்.

செக்கிங்கில் பத்துப் பேர் வரவில்லை என்றால் சமாளிக்கலாம். பேக்கிங்கில் வரவில்லை என்றால் ஆபீஸ் ஆட்களையே உட்கார வைத்து டேக் போடலாம், போட்டிருக்கிறேன். பேட்லாக் (ஓரத்தை மடித்துத் தைக்கும் மெஷின்) ஓட்டுகிற நாலு பேர் வரவில்லை என்றால்? பீஸ் எல்லாம் அந்த மெஷினுக்கு முன்னால் மலை மாதிரி குவியும். பின்னால் இருக்கிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கும் ஷிப்ட் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

நான் செய்தது இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாத நேரத்தில் ஒவ்வொரு மெஷினாக நடந்து போனேன். கையில் ஒரு நோட்டு. இந்த இடத்தில் உட்காருகிறவர் வராவிட்டால் வேறு யார் உட்காருவார் என்று பெயர் எழுதினேன். ஒரு பெயர் கூட எழுத முடியாத இடங்கள் பதினோரு இடம் வந்தது. 200 பேர் கம்பெனியில் பதினோரு இடம். என் திட்டம் முழுக்க அந்தப் பதினோரு இடத்துக்குத்தான். மீதிக்கெல்லாம் திட்டமே வேண்டாம், சத்தம் போட்டால் ஓடிவிடும்.

இன்னொன்று. ஏஜென்சிக்குப் போவதற்கு முன்னால் உங்கள் பழைய சம்பளப் பட்டியலைத் தூசி தட்டுங்கள். கல்யாணம் ஆகி வேலையை விட்டவர்கள், குழந்தை பிறந்து வேலையை விட்டவர்கள், பக்கத்திலேயே குடியிருக்கும் பெண்கள் எத்தனை பேர்! உங்கள் மெஷின் தெரியும், உங்கள் சூப்பர்வைசர் குணம் தெரியும், டாய்லெட் எங்கே என்று கேட்க மாட்டார்கள். காலை 10 முதல் 4 வரை என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருவார்கள். ஒன்றரை ஷிப்ட் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் வரமாட்டார்கள்.

---

ஆள்_சப்ளை_அவிநாசி · ஜனவரி 27, மாலை 6:02

ஏஜென்சிக்காரன் என்ற முறையில் என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எல்லோரும் சேர்ந்து எங்களைத்தான் மொத்துவீர்கள்.

முதலாளிகள் எப்போது போன் செய்கிறார்கள் தெரியுமா? முந்தின நாள் இரவு ஒன்பதரைக்கு. "நாளைக்குக் காலையில் இருபது டெய்லர்." அதே ஹோலிக்கு, அதே நாளில், இந்த ஊரில் இருக்கிற அத்தனை கம்பெனிக்கும் ஆள் பற்றாக்குறை. என்னிடம் இருப்பதே அறுபது பேர். நல்ல டெய்லரை யாருக்கு அனுப்புவேன்? வருடம் முழுக்க மாதம் நாலு பேராவது எடுக்கிறவருக்குத்தான். மீதி இருப்பவர்கள் உங்களுக்கு வருவார்கள். மத்தியானம் ஓடிப்போன அந்த ஐந்து பேர் அப்படி வந்தவர்களாகத்தான் இருக்கும். எங்கேயோ ஷிப்டுக்கு ஐம்பது ரூபாய் கூடத் தருகிறார்கள் என்று போன் வந்திருக்கும்.

பெரிய கம்பெனிகள் சிலர் எழுதியே வாங்கிக்கொள்கிறார்கள். ஹோலிக்கு இத்தனை பேர், தீபாவளிக்கு இத்தனை பேர் என்று முன்கூட்டியே சொல்லி ஒரு சின்ன முன்பணம். ஆள் வராவிட்டால் கழித்துக்கொள்வார்கள். அது ஒப்பந்தம். இரவு ஒன்பதரை போன் ஒப்பந்தம் இல்லை சார், பிரார்த்தனை.

---

குவாலிட்டி_கோமதி · ஜனவரி 28, காலை 9:20

யாரும் தரத்தைப் பற்றிப் பேசவில்லை, அதனால் நான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு குழந்தைகள் ஆர்டர். தற்காலிகமாக எட்டு டெய்லர்கள் வந்திருந்தார்கள். வேகமான கைகள், குறை சொல்லவே முடியாது. மாலையில் ஒரு மெஷினில் ஊசி மாற்றியிருப்பதைப் பார்த்தேன். பழைய ஊசி எங்கே என்று கேட்டேன். உடைந்தது, போட்டுவிட்டேன் என்றார். எங்கே போட்டீர்கள்? கீழே காட்டினார்.

ஏற்றுமதியில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் கிடைக்க வேண்டும், பதிவேட்டில் ஒட்ட வேண்டும், அப்புறம்தான் புது ஊசி கொடுப்பார்கள். குழந்தைத் துணியில் ஊசி முனை போனால் அந்த பையரை மறந்துவிடலாம். அவர் வேலை செய்து பழகியது உள்ளூர் மார்க்கெட் யூனிட். அங்கே ஊசி டெய்லரின் சொந்த டப்பாவில் இருக்கும். அவர் மேல் தப்பே இல்லை, யாருமே சொல்லித்தரவில்லை.

இரவு பதினொன்றரை வரை காந்தத்தை வைத்துத் தரையைத் தடவினோம். மூன்று துண்டில் இரண்டு கிடைத்தது. மூன்றாவது கிடைக்கவில்லை. அன்று அந்த லைனில் தைத்த அத்தனை பீஸையும் மறுபடி மெட்டல் டிடெக்டரில் விட்டோம். எட்டுப் பேர் சேர்ந்து மிச்சப்படுத்திய நேரம் அந்த ஒரு இரவில் போய்விட்டது.

அதற்குப் பிறகு நான் வைத்திருக்கும் விதி: தற்காலிகமாக யார் வந்தாலும் மெஷினில் உட்காரும் முன் இருபது நிமிடம் என்னிடம். ஊசி, கத்திரியைக் கயிற்றில் கட்டுவது, தீப்பிடித்தால் எந்தக் கதவு, ஆல்டர் பீஸை (திருத்தித் தைக்க வேண்டியதை) எந்தக் கூடையில் போடுவது. நாலே விஷயம். தமிழிலும் ஹிந்தியிலும் படம் போட்டு ஒரு தாள். முதலில் சூப்பர்வைசர் முனகினார். இப்போது அவரே அனுப்பி வைக்கிறார்.

---

சாயப்பட்டறை_சண்முகம் · ஜனவரி 28, காலை 11:48

டெய்லராவது கிடைப்பார்கள். எங்கள் பக்கம் வாருங்கள்.

கொதிகலனுக்குச் சான்று பெற்ற அட்டெண்டர் வேண்டும். சான்று இல்லாத ஆளை அங்கே நிறுத்துவது சட்டப்படி குற்றம், அது போக உயிர் ஆபத்து. இதற்கு ஏஜென்சியில் "நாளைக்கு ஒரு ஆள்" என்று கேட்க முடியாது. சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் அப்படித்தான். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் ஊரே முடங்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் ஓட்டியாக வேண்டும். ஆர்ஓ, ஈவாப்பரேட்டர் என்று அந்தச் சுத்திகரிப்பு மெஷின்கள் எல்லாம் ஓட்டத் தெரிந்த ஆள் ஒரு ஷிப்டுக்கு இரண்டு பேர். அவர்கள் வராவிட்டால் சாயம் போடத் தெரிந்த ஐம்பது பேர் வந்தும் புண்ணியம் இல்லை.

நாங்கள் உள்ளேயே இரண்டு பையன்களைப் படிக்க வைத்தோம். ஒருவருக்குச் சான்று கிடைத்த மாதமே வேறு மில்லுக்குப் போய்விட்டார். சிரிக்காதீர்கள்.

---

கட்டிங்_மாஸ்டர்_60 · ஜனவரி 28, மதியம் 12:30

சிரித்துவிட்டேன் சண்முகம். சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்திருக்க வேண்டும்.

---

சாயப்பட்டறை_சண்முகம் · ஜனவரி 28, மதியம் 12:41

இரண்டாமவருக்குக் கூட்டிக் கொடுத்தோம். இருக்கிறார்.

---

ஓவர்லாக்_ராணி · ஜனவரி 28, இரவு 10:25

நான் ஏஜென்சி மூலம் போகிற டெய்லர். பதினேழு வருடம் மெஷின் ஓட்டுகிறேன். மேலே "தற்காலிக ஆள்" என்று நீங்கள் பேசுவது என்னைப் பற்றித்தான், அதனால் எழுதுகிறேன்.

புது கம்பெனிக்குள் போனால் முதலில் கிடைப்பது யாருமே ஓட்டாத மெஷின். நூல் அறுந்துகொண்டே இருக்கும். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவர் பழகினவர்களுக்குத்தான் முதலில் வருவார். கைமடிக்கு (கூட நின்று உதவ) ஆள் தரமாட்டார்கள், துணியை நானே எடுத்து நானே தைத்து நானே கட்ட வேண்டும். மத்தியானம் சூப்பர்வைசர் வந்து, ஏன் பீஸ் குறைகிறது என்பார். இதில் பாதி நாள் போய்விடும்.

அப்புறம் பேச்சு. எனக்கு அன்றைக்கு ஷிப்டுக்கு அவர்களைவிடக் கொஞ்சம் கூடத் தருவார்கள், அவசரம் என்பதால். பக்கத்து மெஷின் அக்கா ஆறு வருடமாக அங்கேயே இருக்கிறவர். "எங்களுக்கு இல்லாத காசு உனக்கா" என்று அவர் கேட்டால் நான் என்ன பதில் சொல்ல? அவர் கேட்பதும் நியாயம்தானே.

மத்தியானம் ஓடிப்போகிறார்கள் என்கிறீர்கள். நானும் ஒரு முறை போயிருக்கிறேன். ஐம்பது ரூபாய்க்காக இல்லை. சனிக்கிழமை சம்பளம் தருவீர்களா என்று கேட்டதற்கு, அது ஏஜென்சியைக் கேள் என்றார்கள். ஏஜென்சியைக் கேட்டால், கம்பெனி பில் பாஸ் ஆகட்டும் என்றார். அதற்கு முந்தின மாதம்தான் இப்படி ஒரு வாரச் சம்பளத்தை விட்டிருந்தேன்.

காலையில் போனதும் நல்ல மெஷின், டீக்கு டோக்கன், சனிக்கிழமை காசு. இது மூன்றும் இருந்தால் அடுத்த முறையும் அதே இடத்துக்குத்தான் போவேன். நூறு ரூபாய் குறைந்தாலும் பரவாயில்லை.

---

மனிதவளம்_திருப்பூர் · ஜனவரி 29, காலை 9:05

ராணி அக்கா, நன்றிங்க. டீ டோக்கன் எங்கள் கம்பெனியிலும் தற்காலிக ஆட்களுக்குக் கிடையாது. இன்று காலைதான் விசாரித்தேன். வெட்கமாக இருந்தது.

ஒரு சந்தேகம். படிவத்தில் வேலைநிறுத்தம் என்றும் ஒரு கட்டம் இருக்கிறது. அதற்கும் இதே பதிலை எழுதிவிடலாமா?

---

லேபர்லா_மதுரை · ஜனவரி 29, காலை 11:30

எழுதாதீர்கள். ஹோலியும் வேலைநிறுத்தமும் ஒரே தாளில் வரவே கூடாது.

ஹோலிக்குப் போனவர் திரும்பி வரும்வரை அவர் இடத்தில் ஒருவரை உட்கார வைப்பது வேறு. கோரிக்கை வைத்து வெளியே நிற்பவர் இடத்தில் ஆள் எடுப்பது வேறு. சட்டப்படி நடக்கிற வேலைநிறுத்தத்தின்போது புதிதாக ஆள் சேர்ப்பதை 1947-ம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டமே முறையற்ற தொழில் நடவடிக்கைகளின் பட்டியலில் வைத்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அது அப்படியே இருக்கிறது. எல்லாத் தொழிற்சாலையிலும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும், பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒன்றுசேர்ந்து விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம்தான் என்று தொழிலாளர் பக்கம் இறுக்கியிருக்கிறார்கள். அதனால் முதலாளி பக்கத்துக் கட்டுப்பாடு போய்விட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். போகவில்லை.

சட்டம் இருக்கட்டும், நடைமுறையைப் பாருங்கள். 2018 ஜனவரியில் அரசு பஸ் ஊழியர்கள் எட்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊதிய உயர்வுக்கு 2.57 காரணி (பழைய அடிப்படைச் சம்பளத்தைப் பெருக்கும் எண்) கேட்டார்கள், அரசு 2.44 என்றது. தற்காலிக ஓட்டுநர்களை வைத்துப் பஸ்களை எடுத்தார்கள். வழித்தடம் தெரியாது, வண்டி புதிது, சில இடங்களில் விபத்து. பொங்கல் நெருங்கும் நேரம், ஜனம் ஏறவே பயந்தது. கடைசியில் நடுவர் ஒருவரை நியமித்த பிறகுதான் முடிந்தது. தற்காலிக ஓட்டுநர்களால் முடியவில்லை.

இங்கிலாந்தில் 2022 மார்ச்சில் பி அண்ட் ஓ பெர்ரீஸ் கப்பல் நிறுவனம் 786 பேரை ஒரே நாளில் நீக்கி ஏஜென்சி ஆட்களைக் கப்பலில் ஏற்றியது. அடுத்த வாரங்களில் பாதுகாப்புச் சோதனையில் அவர்களின் கப்பல்கள் சிலவற்றைத் துறைமுகத்திலேயே நிறுத்திவைத்தார்கள். புது ஆட்களுக்குக் கப்பல் பழக்கமில்லை என்பதும் ஒரு காரணம். கோமதி சொன்ன ஊசிக் கதைதான், கொஞ்சம் பெரிய அளவில்.

ஆகவே அந்தக் கட்டத்தில் பேச்சுவார்த்தைக் குழு யார், எத்தனை நாளில் உட்காருவீர்கள், ஷிப்மெண்ட் தேதியை பையரிடம் எப்போது சொல்வீர்கள் என்று எழுதுங்கள்.

ஹோலி ஆட்களைப் பற்றி இரண்டு வார்த்தை. ஏஜென்சி சம்பளம் தராவிட்டால் கொடுக்கும் பொறுப்பு உங்களுடையது. ராணி அவர்களுக்கு அன்றைக்குச் சொன்ன பதில் சட்டப்படியே தவறு. அடுத்தது, தைப்பது உங்கள் முதன்மை வேலை. முதன்மை வேலையில் ஒப்பந்த ஆள் கூடாது என்பது இன்னொரு புதிய தொகுப்பான பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பின் பொது விதி. திடீரென்று வேலை கூடிக் குறித்த காலத்தில் முடிக்க வேண்டியிருந்தால் விலக்கு உண்டு. ஐம்பது பேருக்குக் குறைவாக ஒப்பந்த ஆள் வைத்திருக்கும் கம்பெனிக்கு அந்தப் பகுதி பொருந்தாதுதான். ஆனாலும் நான் சொல்வது, குறிப்பிட்ட காலத்துக்கு என்று எழுதி உங்கள் பெயரிலேயே நேரடியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சம்பளமும் சலுகையும் நிரந்தர ஆளுக்குச் சமம். பிஎப், ஈஎஸ்ஐ முதல் நாளிலிருந்து. பத்து நாளுக்கு எதற்கு ஈஎஸ்ஐ என்று கேட்காதீர்கள். விரலில் ஊசி ஏற முதல் நாளே போதும்.

---

ஆள்_சப்ளை_அவிநாசி · ஜனவரி 29, மதியம் 2:10

எல்லோரையும் நேரடியாகச் சேர்க்கச் சொல்லிவிட்டால் நான் வாழைக்காய் விற்கப் போகிறேன்.

---

லேபர்லா_மதுரை · ஜனவரி 29, மதியம் 2:25

ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கிற ஏஜென்சிக்கு எப்போதும் வேலை இருக்கும் சார்.

---

ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட் · ஜனவரி 29, இரவு 11:55

நான் பனியன் ஆள் இல்லை, சென்னையில் ஐடி. ஆனாலும் ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் ஆபீஸுக்கு யாரும் வர முடியவில்லை. வேறு ஊரிலிருந்து பன்னிரண்டு பேரை அவசரமாக எடுத்தார்கள். ஆள் முதல் நாளே வந்துவிட்டார்கள். லாகின் மூன்றாம் நாள்தான் வந்தது. அதைக் கொடுக்க வேண்டியவர் முடிச்சூரில் மொட்டை மாடியில் இருந்தார். அந்தப் பன்னிரண்டு பேரும் இரண்டு நாள் கேண்டீனில் கேரம் ஆடினார்கள்.

உங்கள் கம்பெனியில் சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். சாவி என்றால் பூட்டுச் சாவி மட்டும் இல்லை.

---

குவாலிட்டி_கோமதி · ஜனவரி 30, காலை 8:50

எங்கள் ஊசி அலமாரிச் சாவி ஒருவரிடம்தான் இருக்கிறது. என்னிடம். இன்றே இரண்டாவது சாவி போடுகிறேன்.

---

கட்டிங்_மாஸ்டர்_60 · ஜனவரி 30, காலை 10:15

2023 மார்ச்சை மறந்துவிடாதீர்கள். வடமாநிலத்தவரை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவி, ஹோலிக்கு முந்தின வாரம் பையன்கள் பெட்டியைக் கட்டினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அந்த நேரத்தில் எந்த ஏஜென்சியும் உதவவில்லை, அவர்கள் ஆட்களும் அதே ரயிலில் ஏறிவிட்டார்கள். என் செக்‌ஷனில் ஆள் தங்கியதற்கு ஒரே காரணம், ஹிந்தி தெரிந்த ஒரு லைன் மேஸ்திரி இரவோடு இரவாக ஹாஸ்டலுக்குப் போய் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசினார். வீட்டுக்கு வீடியோ கால் போட்டு அம்மாக்களிடம் பேசினார். பதினெட்டுப் பேரில் பதினைந்து பேர் நின்றார்கள்.

தற்காலிக ஆளுக்குச் செலவழிப்பதில் கால்வாசியை இருக்கிறவர்களைத் தக்கவைக்கச் செலவழியுங்கள். பாதிப் பேருக்கு ஹோலி, பாதிப் பேருக்கு தீபாவளி என்று இப்போதே அவர்களிடமே விட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். நிற்பவர்களுக்குப் போக வர ரயில் டிக்கெட் அடுத்த முறை கம்பெனி கணக்கு. ராணி சொன்ன பக்கத்து மெஷின் அக்காவுக்கும் அந்த வாரம் முழுக்க வந்தால் கையில் ஏதாவது கொடுங்கள். அப்போதுதான் புதிதாக வந்தவளுக்கு நூல் கோக்க உதவுவாள்.

---

மனிதவளம்_திருப்பூர் · மார்ச் 14, மாலை 7:30

நடந்ததைச் சொல்கிறேன் என்று சிலரிடம் தனிச்செய்தியில் சொல்லியிருந்தேன்.

நோட்டோடு நடந்தேன். எங்களுக்குப் பெயர் எழுத முடியாத இடம் ஒன்பது வந்தது. பேட்லாக் நாலு, காலர் இரண்டு, லைன் மெக்கானிக் ஒருவர், ஸ்டீம் அயர்னிங் ஒருவர், ஏற்றுமதி பேப்பர் போடும் பையன் ஒருவன். பேட்லாக்குக்கு உள்ளேயே மூன்று பேரைச் சனிக்கிழமை மாலைகளில் பழக்கினோம். பழைய பட்டியலில் 31 பேருக்குப் போன் செய்தேன், 12 பேர் வருகிறேன் என்றார்கள், ஒன்பது பேர் வந்தார்கள். 10 முதல் 4. முதலாளி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, மூன்றாம் நாள் அவரே அவர்களுக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தார். அவிநாசி சார் பேசியபடி ஆறு பேர் அனுப்பினார், ஆறு பேரும் கடைசி வரை இருந்தார்கள். சனிக்கிழமை நானே நின்று சம்பளம் கொடுக்க வைத்தேன். டீ டோக்கனும் கொடுத்தோம்.

ஊருக்குப் போனவர்கள் 47 பேர். ஷிப்மெண்ட் இரண்டு நாள் தாமதம், கப்பலிலேயே போனது. வேலைநிறுத்தக் கட்டத்தில் மதுரை சார் சொன்னபடி எழுதினேன். பையர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

எதிர்பார்க்காத ஒன்று. ஹாஸ்டல் சமையல்காரர் 2-ம் தேதி இரவு கிளம்பிவிட்டார். நோட்டில் அவர் பெயரே இல்லை, அவர் மெஷினில் உட்காருகிறவர் இல்லையே. நின்ற 43 பேருக்கு மறுநாள் காலையில் சாப்பாடு இல்லை. ஹோட்டல் இட்லி இரண்டு நாள் தாங்கினார்கள், மூன்றாம் நாள் ஏழு பேர் லீவு கேட்டார்கள். கடைசியில் பேக்கிங்கில் இருக்கும் ஒரு ஜார்கண்ட் பையன் கரண்டியைப் பிடித்தான். ஆக, பேக்கிங்கில் ஒரு ஆள் குறைவு.

---

ஆள்_சப்ளை_அவிநாசி · மார்ச் 14, இரவு 8:10

சமையலுக்கும் ஆள் இருக்கு சார். முந்தின நாள் இரவு ஒன்பதரைக்குக் கேட்காதீங்க.

---

கட்டிங்_மாஸ்டர்_60 · மார்ச் 15, காலை 7:40

தம்பி, உங்கள் சமையல்காரர் எந்த ஊர்? ஜூன் நடுவில் ஒடிசாக்காரர்களுக்கு ரஜ பண்டிகை வரும்.

---

மனிதவளம்_திருப்பூர் · மார்ச் 15, காலை 8:02

கட்டக் அண்ணே. நோட்டை எடுக்கிறேன்.